பிரம்பு நடப் போகும் பிள்ளைகளுக்கு

கொள்ளிடக் கரையில் நாற்பது வருஷம் பிரம்பு பின்னியவன் நான். நடக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். தைக்கால் ஊர்க் கடைகளில் தொங்கும் கூடைக்கும் ஊஞ்சலுக்கும் அசாமிலிருந்து பிரம்பு வருகிறது. நம் மண்ணிலேயே விளையும் ஒன்றை வெளியூரிலிருந்து வாங்குகிறோமே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1. பிரம்பு கொடிபோல ஏறினாலும் பனை, தென்னை, கமுகின் உறவு. மூங்கில்போல உள்ளே வெற்றிடம் இருக்காது, கெட்டியாக இருக்கும். ஒவ்வொரு தண்டுக்கும் உச்சியில் ஒரே குருத்து. அதை ஆடு கடித்தால் அந்தத் தண்டு அதோடு முடிந்தது.

2. எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நடுங்கள். மலேசியாவிலும் சுமத்ராவிலும் பேர்போன ரோத்தான் மானாவ் நாற்காலிக் காலுக்கு ஆகும் தடிமன். ஆனால் ஒற்றைத் தண்டு. ஒருமுறை வெட்டினால் மறுபடி துளிர்க்காது. நம் சமவெளிப் பிரம்பு மெல்லியது, தூர் கட்டும். முதிர்ந்ததை வெட்ட வெட்டப் பக்கத்தில் புதிது கிளம்பும். போர்னியோவின் பாரித்தோ ஆற்றங்கரையில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே குடியானவர்கள் பயிர் செய்துவருவதும் தூர் கட்டும் ஒரு வகையைத்தான். சிறு தோப்பு வைத்திருப்பவருக்கு அதுவே ஏற்றது.

3. விதை விஷயத்தில் நான் ஏமாந்த கதையைக் கேளுங்கள். முதல் தடவை பழம் பறித்து, நெல் விதைபோல வெயிலில் நன்றாகக் காயவைத்து, டப்பாவில் போட்டு, மழைக்காலம் பார்த்து விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பிரம்பு விதைக்கு ஈரம் போனால் உயிர் போய்விடும். செதில் தோலை உரித்து, சதையை மணலோடு சேர்த்துத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவிடாமல் நிழலில் விதையுங்கள். சில வாரத்தில் முளைப்பதும் உண்டு, மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. பாத்தியைக் கிளறிப் பார்க்காதீர்கள். இன்னொன்று, ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. விதை வேண்டுமானால் தோப்பில் இரண்டும் இருக்க வேண்டும்.

4. ஈரம் தங்கும் இடம் பாருங்கள். பிரம்பின் கனி குளத்தில் விழ, கெண்டை அதைக் கவ்வுவதைக் குறுந்தொகையில் ஔவையார் பாடியிருக்கிறார். அது நீர்க்கரைச் செடி என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

5. மரம் இல்லாத இடத்தில் பிரம்பு நடாதீர்கள். பிரம்பு சுற்றி ஏறாது. கொக்கி முள் நிறைந்த நீண்ட சாட்டையை வீசிக் கிளையைப் பற்றித்தான் மேலே போகும். கிளையில்லாத தென்னையில் அதற்குப் பிடி கிடைக்காது. புங்கன், நாவல், பூவரசு நல்லவை. காய்ப்பு மாவில் ஏற்றிவிட்டால் மாங்காய் பறிக்க ஆள் வராது. நிழலிலும் அளவு உண்டு. இளஞ்செடி முழு வெயிலில் கருகும்; கும்மிருட்டிலோ ஏறாமல் நின்றுவிடும். செடி தேறியதும் மேலே இரண்டு கிளையைக் கழித்து வெளிச்சம் விடுங்கள்.

6. நட்டு இரண்டு மூன்று வருஷம் தண்டே நீளாமல் ஓலையாகவே நிற்கலாம். பட்டுப்போனது என்று பிடுங்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வேர் அப்போதுதான் ஊன்றுகிறது. களையை மட்டும் எடுத்துக்கொண்டிருங்கள். தூர் கட்டும் வகையில் முதல் வெட்டுக்கு ஏழு முதல் பத்து வருஷம் ஆகும். அதுவரை சோறு போட வேறு பயிர் வேண்டும். கடன் வாங்கிப் பிரம்பு போடாதீர்கள்.

7. அடித்தண்டில் முள் உறை காய்ந்து உதிர்ந்திருந்தால் முற்றியது என்று அர்த்தம். மழை நாளில் வெட்டாதீர்கள். நுனிப் பக்கம் சில அடி இளசாக இருக்கும், அது பின்னலுக்கு ஆகாது. தண்டை இழுக்கும்போது காய்ந்த கிளையும் சாட்டையும் தலைமேல் விழும். தனியாகப் போகவே வேண்டாம்.

8. வெட்டிய பிரம்பைக் குவித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும், வண்டு துளைக்கும். மெல்லியதை உடனே உரசிச் சுத்தம் செய்து வெயிலில் காயவைத்துக் கந்தகப் புகை காட்டுங்கள். தடித்ததை எண்ணெயில் கொதிக்கவைத்துப் பிறகு காயவைப்பார்கள். பத்து வருஷ உழைப்பு இந்தச் சில நாளில் வீணாகிவிடக்கூடும்.

9. காப்புக்காட்டில் போய் வெட்டாதீர்கள். தூரோடு பிடுங்கிப் பிடுங்கித்தான் பல இடங்களில் காட்டுப் பிரம்பு அருகிவிட்டது.

வாய்க்கால் ஓரத்தில் நாலு மரம் வைத்திருப்பவர்கள் பத்துக் கன்றாவது நடுங்கள். உங்கள் தோப்புப் பிரம்பு ஒரு கட்டு தைக்கால் கடைக்கு வந்து சேர்வதைப் பார்த்துவிட வேண்டும் எனக்கு.