விடை வேண்டாம், விவரம் போதுமா?



என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினால் 9 முதல் 12 வரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். அதுக்காக மனத்திறன் கணக்கு போடும் 8-ஆம் வகுப்புத் தம்பி, தங்கைகள் இந்த வகையையும் பழகிக்கோங்க. பின்னாடி வங்கித் தேர்விலும் வரும்.

கேள்வி: செல்வியின் வயது என்ன?
கூற்று 1: அம்மா செல்வியை விட 24 வயது மூத்தவர்.
கூற்று 2: செல்வி பிறந்தபோது அம்மாவுக்கு வயது 24.

உடனே 'இரண்டும் சேர்ந்தால் போதும்'னு டிக் போட்டுடாதீங்க. இரண்டும் ஒரே விஷயம்தான், சொன்ன விதம்தான் வேற. அதனால் விவரம் போதாது. கூற்று 2-இல், 'இப்போது அம்மா வயது செல்வி வயதைப் போல 3 மடங்கு' என்றிருந்தால் இரண்டும் சேர்ந்து போதும். 12 என்று கண்டுபிடிக்கக்கூட வேண்டாம், நேரம் மிச்சம்! ஒரு கூற்றைப் படிக்கும்போது மற்றதை ஸ்கேலால் மறைச்சுக்கணும்.

ரொம்ப ஏமாத்துறது 'ஆமா, இல்லை' கேள்விதான். 'இந்த எண் இரட்டைப்படையா?' கூற்று: 4-ஆல் வகுத்தால் மீதி 3. அப்போ நிச்சயம் ஒற்றைப்படை. பதில் 'இல்லை', ஆனால் விவரம் போதும்! 3-ஆல் வகுத்தால் மீதி 1 என்றிருந்தால்? 4-ம் வரும், 7-ம் வரும். அதுதான் போதாது.