இரும்பு அறுக்கும் நாடா ரம்பம்: சீர்ப்படுத்தலும் பராமரிப்பும்

பலர் பணம் சேர்த்து வாங்கிய யந்திரத்தைப் பலரும் உபயோகிப்பர்; அதன் க்ஷேமத்தை விசாரிப்பவர் ஒருவரும் இரார். கூட்டுறவுச் சங்கங்களின் பொதுப் பட்டறைகளில் இக்குறை முதலில் வெளிப்படுவது நாடா ரம்பத்திலேயாகும். அங்கத்தினர் ஒருவர் பம்புப் பீடத்திற்கு நான்கு கால்கள் அறுத்துச் செல்கிறார். அறுத்த முகம் சாய்ந்திருப்பதால், பற்றவைத்த பீடம் ஆடுகிறது. இரும்பும் கூலியும் நஷ்டமாகின்றன. அவர் முந்தின நாள் உபயோகித்தவர்மேல் பழி சுமத்துகிறார். அவரோ அதற்கும் முந்தினவரைக் காட்டுகிறார். உண்மையில், கோணல் வெட்டு பெரும்பாலும் யந்திரத்தின் பிறவிக் குற்றமன்று. வரிசைப்படி சீர்ப்படுத்தினால் அது நீங்கிவிடும்.

நாடா ரம்பமாவது, இரு சக்கரங்களின்மேல் முடிவின்றி ஓடும் பல் வைத்த எஃகு நாடா. இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் 1808-ம் ஆண்டிலேயே இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆயினும் நாடாவின் இரு நுனிகளும் சேரும் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தமையால், அது நெடுநாள் பயன்படாமற் கிடந்தது. இன்றும் புது நாடாவை மாட்டுமுன் அவ்விணைப்பையே முதலில் பார்க்க வேண்டும். அது மேடுபட்டிருந்தால் வழிகாட்டிகளில் ஒவ்வொரு சுற்றிலும் இடித்து, விரைவில் அறுந்துவிடும்.

பின்வரும் வேலைகள் யாவற்றிற்கும் முன் மின்சாரத் தொடர்பைத் துண்டித்துவிட வேண்டும். சுருட்டிய நாடா கட்டவிழ்த்ததும் பாய்ந்து விரியுமாதலால், அதைக் கையாளும்போது கையுறை அவசியம். யந்திரம் ஓடும்போதோ கையுறை அணிதல் ஆகாது. நாடா அதைக் கையோடு சேர்த்து இழுத்துவிடும்.

1. நாடாவைத் தேர்தல்

வெட்டப்படும் கனத்தில் எப்பொழுதும் மூன்று பற்களாவது பதிந்திருக்க வேண்டும் என்பது விதி. கால் அங்குலக் கனத்திற்கு அங்குலத்திற்கு 14 பற்களும், அரைக்கால் அங்குலக் கனத்திற்கு 24 பற்களும் உள்ள நாடா தகும். பெரும்பற்கள் மெல்லிய தகட்டில் மாட்டி ஒடிந்துபோகும். கோணச் சட்டத்தை வைஸில் வைக்கும்போது அதன் இரு ஓரங்களும் கீழே இருக்க, கூரைபோற் கவிழ்த்து வைத்தால், வெட்டு முழுவதிலும் கனம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும்.

பல்லின் முனை ஓடும் திசையை நோக்கி நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நாடாவைத் தலைகீழாக மாட்டுவது புதியவர் அடிக்கடி செய்யும் தவறு.

2. சக்கரத்தின்மேல் ஓட்டம்

முதலில் வழிகாட்டி பேரிங்குகளைத் தளர்த்தி விலக்கிவிட வேண்டும். அவை நாடாவைத் தாங்கி நின்றால் சக்கரத்தின் பிழை மறைந்துவிடும். பிறகு நாடாவை இறுக்கி, சக்கரத்தைக் கையாற் சுழற்ற வேண்டும். நாடாவின் முதுகு சக்கரத்தின் விளிம்பை அடுத்து ஓட வேண்டும். ஆனால் அதில் அழுந்தி உராயக்கூடாது. உராய்ந்தால் முதுகு நசுங்கி வெடிப்பு விடும். மோட்டாரால் ஓடாத சக்கரத்தின் சாய்வுத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி இதைச் சரிசெய்யலாம்.

3. வழிகாட்டி பேரிங்குகள்

வெட்டின் நேர்மை இவற்றிலேயே அடங்கியுள்ளது. நாடாவின் இருபுறமும் நிற்கும் பேரிங்குகள் அதைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். விரலாற் சுழற்றினால் அவை இலேசாக உரசிச் சுழல வேண்டும். இறுகி நிற்கவும் கூடாது, ஆடவும் கூடாது. முதுகைத் தாங்கும் பேரிங்குக்கும் நாடாவுக்கும் இடையில் ஒரு காகிதம் நுழையும் சந்து போதும்.

பின்பு ரம்பத்தைத் தாழ்த்தி, மூலைமட்டத்தை வைஸின் தளத்தில் நிறுத்தி, பற்களில் இடிபடாமல் நாடாவின் பக்கத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் வழிகாட்டியைத் திருப்பி, நாடா செங்குத்தாகும் வரை திருத்த வேண்டும். இரு வழிகாட்டிகளையும் வெட்டும் பொருளுக்கு எவ்வளவு அருகில் கொணர முடியுமோ அவ்வளவு அருகில் வைத்தால் நாடா வளையாது.

4. துண்டுப் பரீக்ஷை

ஒரு தடித்த கம்பியின் நுனியை அறுத்து முகம் எடுக்க வேண்டும். கம்பியை அதன் நீளவாக்கிலேயே அரைச் சுற்று உருட்டி, மேற்புறம் கீழாக வைத்து, மெல்லிய வில்லை ஒன்று அறுக்க வேண்டும். வில்லையின் கனத்தை மேலும் கீழும் அளந்தால், அங்குக் காணும் வித்தியாசம் யந்திரத்தின் பிழையைப்போல் இரு மடங்காகும். ஆகவே கண்ணுக்குப் புலப்படாத கோணலும் இதில் வெளிப்பட்டுவிடும்.

மேலிருந்து கீழாகச் சாய்ந்தால் வழிகாட்டிகளைத் திருத்த வேண்டும். பக்கவாட்டிற் சாய்ந்தால் வைஸின் தாடையைத் திருத்த வேண்டும். ஒன்றின் குற்றத்தை மற்றொன்றால் மறைக்க முயல்வது வீண். வெட்டு நேராகச் சாயாமல் வில்போல் வளைந்தால், அழுத்தம் மிகுந்தது, நாடா தளர்ந்தது, அல்லது ஒருபக்கப் பல் மழுங்கியது என்று அறியலாம்.

5. வேகமும் அழுத்தமும்

கடின எஃகிற்கு நிமிஷத்திற்கு 80 அடி அளவும், மெல்லிரும்பிற்கு 120 முதல் 200 அடி வரையும் நாடா ஓடலாம். அழுத்தம் சரியா என்பதைச் சீவலே சொல்லும். தூளாக உதிர்ந்தால் அழுத்தம் போதாது. நீலம் பாய்ந்து சூடாக விழுந்தால் அழுத்தமோ வேகமோ மிகை. வெள்ளிநிறச் சுருளாக விழுந்தால் சரி. வார்ப்பிரும்பை எண்ணெயின்றி உலர்வாகவே அறுக்க வேண்டும்.

புது நாடாவின் முதல் 50 சதுர அங்குல வெட்டு வரை, அதாவது இரண்டு அங்குலச் சதுரக் கம்பியில் ஏறக்குறையப் பன்னிரண்டு வெட்டுகள் வரை, பாதி அழுத்தமே தர வேண்டும். பழைய நாடா பாதியில் விட்ட வெட்டிற் புது நாடாவைச் செலுத்தலாகாது. தேய்ந்த நாடாவின் பிளவு குறுகியதாகையால் புதியது அதிற் சிக்கிப் பற்களை இழக்கும். கம்பியைத் திருப்பி வேறு புறமிருந்து தொடங்குவதே முறை.

6. அன்றாடப் பராமரிப்பு

வேலை முடிந்ததும் சக்கரங்களிலும் வழிகாட்டிகளிலும் படிந்த சீவலைத் தூரிகையாற் போக்க வேண்டும், வெறுங்கையால் துடைக்கலாகாது. நெடுநேரம் ஓட்டாமல் விடும்போது நாடாவின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். கியர்ப்பெட்டியின் எண்ணெயை அவ்வப்போது பார்த்து, கறுத்திருந்தால் மாற்ற வேண்டும்.

இவற்றோடு பட்டறைச் சுவரில் ஒரு பதிவுப் புத்தகம் தொங்கட்டும். நாடா மாற்றிய தேதி, திருத்திய இடம், திருத்தியவர் பெயர் ஆகியவை அதில் எழுதப்பட வேண்டும். வாரந்தோறும் எடுத்த பரீக்ஷை வில்லையைத் தேதி குறித்து அதன் அருகில் ஓர் ஆணியில் மாட்டி வைக்கலாம். வெட்டுக் கோணினால் பிழை எந்த வாரத்தில் புகுந்தது என்பதை அவ்வில்லை காட்டும். அங்கத்தினர் ஒருவரையொருவர் நோவ இடமிராது. காற்பணச் செலவில்லாத இவ்வழக்கம் இரும்பைக் காப்பதோடு சங்கத்தின் ஒற்றுமையையும் காக்கும்.