கறுப்பும் வெள்ளையும் காட்டும் மலை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, வானும் மண்ணும் கூடும் எல்லையில் நீண்டு கிடப்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய இதன் வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும், தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். முன்னது ஏறத்தாழ 2,700 அடி உயரமும், பின்னது ஏறத்தாழ 4,000 அடி உயரமும் உடையது. மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆறு அடிவாரத்திலுள்ள அணையில் தேங்கிச் சமவெளி வயல்களுக்கு நீர் தருகின்றது. மேலே வெள்ளிமலை முதலிய ஊர்களில், மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்கின்றனர்.

இம்மலையைக் காணும் கண்ணுக்கு முதலில் விருந்தாவது நிறமே. அருகில் பச்சை, தொலைவில் நீலம், அடிவாரத்தில் செம்மண், மாலை வானத்தில் பொன்னொளி! இந்நிறங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, கறுப்பு, வெள்ளை, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறம் ஆகியவற்றைக் கொண்டே மலையின் பெருமையைக் காட்ட இயலுமா? இயலும் என்று காட்டிய நிழற்படக் கலைஞர் பலர். நிறம் நீங்கியவுடன் பாறையின் மடிப்பும், பள்ளத்தாக்கின் ஆழமும், காட்டின் அடர்த்தியும் முன்னே வந்து நிற்கின்றன. அவ்வாறு நிற்கச் செய்வது ஒளி. ஆகவே, கறுப்பு வெள்ளையில் மலையைப் படம்பிடிக்க விரும்புவோன் முதலில் கற்க வேண்டுவது ஒளியின் இயல்பே ஆகும்.

தொலைவிலுள்ள மலை நீலமாகத் தோன்றுவது ஏன்? மலைக்கும் நமக்கும் இடையே காற்று நிறைந்திருக்கின்றது. அக்காற்றின் நுண்துகள்கள் ஞாயிற்றின் ஒளியைச் சிதறச் செய்கின்றன. செந்நிற ஒளியைவிட நீல ஒளி நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறுகின்றது. இவ்வுண்மையை ஆங்கில அறிஞர் ரேலி 1871ஆம் ஆண்டில் விளக்கினார். சிதறிய நீல ஒளியே வானத்திற்கும் தொலைமலைக்கும் நீலப் போர்வை போர்த்துகின்றது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இப்போர்வை வெளிறிய சாம்பல் நிறமாக மாறுகின்றது. அதனால் அருகிலுள்ள குன்று கருமையாகவும், அதன் பின்னுள்ளது சற்று வெளிறியும், அதற்கும் அப்பாலுள்ளது மேலும் வெளிறியும் தோன்றும். படத்தைக் காண்போர் அவ்வேறுபாட்டைக் கொண்டே மலைகளின் தொலைவை உணர்வர்.

இனி, ஒளி விழும் திசையைக் காண்போம். கள்ளக்குறிச்சிப் பக்கம் நிற்போர் காண்பது மலையின் கிழக்குச் சரிவு. காலையில் எழும் ஞாயிறு அச்சரிவின் மேல் நேராக ஒளி வீசுகின்றது. அப்பொழுது எங்கும் ஒளியே நிறைந்திருப்பதால் நிழல் குறைந்து, மேடும் பள்ளமும் வேறுபாடின்றித் தட்டையாகத் தோன்றும். மாலையில் ஞாயிறு மலைக்குப் பின்னே இறங்குகின்றது. அப்பொழுது சரிவு முழுதும் இருண்டு, முகட்டின் கோடு மட்டும் வானத்தில் தெளிவாகத் தெரியும். சித்திரை மாத நண்பகலில் ஞாயிறு உச்சிக்கு நேராக வந்துவிடுவதால் நிழல்கள் சுருங்கிவிடும். மார்கழியிலும் தையிலும் நிலைமை வேறு. அம்மாதங்களில் ஞாயிறு தெற்கே சாய்ந்து செல்கின்றது. எனவே, நண்பகலை ஒட்டிய வேளையில், மேற்கு நோக்கி நிற்பவனுடைய இடப்பக்கத்திலிருந்து ஒளி குறுக்காக விழும். ஒவ்வொரு மடிப்பும் தன் நிழலைப் பக்கத்து மடிப்பின்மேல் வீழ்த்தும். வடகிழக்குப் பருவமழையால் காற்றிலுள்ள தூசியும் கழுவப்பட்டிருக்கும். மலையின் உருவத்தைக் காண அதனினும் ஏற்ற காலம் வேறில்லை.

ஒளியை அறிந்தால் மட்டும் போதுமா? கருவியின் இயல்பையும் அறிதல் வேண்டும். நூற்றறுபது ஆண்டுகளுக்கும் முன்னர் நம் நாட்டில் படமெடுத்த ஒருவரின் வரலாறு இதனை விளக்கும். லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை மாகாணப் படையில் அலுவலராக இருந்தவர். 1856ஆம் ஆண்டில் சென்னை அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். மறு ஆண்டின் இறுதியில் தொடங்கிய தம் பயணத்தில் இராயக்கோட்டை, திருவரங்கம், தஞ்சை, மதுரை முதலிய இடங்களைப் படமெடுத்தார். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த இராயக்கோட்டைப் படங்கள் 1858இல் தனித் தொகுதியாக வெளிவந்தன. மதுரையை அடுத்த யானைமலையையும் அவர் படமெடுத்துள்ளார். படுத்திருக்கும் யானை போன்ற அப்பெரும்பாறை, நிறம் ஏதுமின்றியே தன் பருமனைக் காட்டி நிற்கின்றது.

அக்காலத்து இரசாயனப் பூச்சு நீல ஒளியையே மிகுதியாக உணரும். பச்சையையும் சிவப்பையும் அரிதாகவே உணரும். ஆதலால் நீலவானம் படத்தில் வெற்று வெள்ளையாகிவிடும். மரங்களோ கரிய திட்டுக்களாகும். வெண்முகிலும் வானத்தோடு கலந்து மறைந்துபோகும். இக்குறையைப் போக்க, 1855இல் பர்மாவில் எடுத்த படங்களின் நெகட்டிவ்களில் டிரைப் தூரிகையால் வண்ணம் தீட்டி முகில்களை உண்டாக்கினார்.

1873ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் வோகல், பூச்சில் சாயம் சேர்த்தால் அது பிற நிறங்களையும் உணரும் என்று கண்டறிந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. அதன் பின்னரே வண்ணக் கண்ணாடியின் பயன் முழுமையாக விளங்கிற்று. வண்ணக் கண்ணாடி தன் நிற ஒளியை உள்ளே விட்டு, மாறான நிறத்தைத் தடுக்கும். கல்வராயன் மலையை மஞ்சள் கண்ணாடி வழியே எடுத்தால் நீலவானம் சற்றே கருத்து, வெண்முகில் தெளிவாகும். செந்நிறக் கண்ணாடி வழியே எடுத்தால் வானம் மிகவும் கருக்கும்; செம்மண் நிலம் வெளிறும்; தொலைமலையை மூடிய நீலப் போர்வையும் விலகும். பச்சைக் கண்ணாடியோ காட்டின் இலைகளைச் சற்று ஒளிபெறச் செய்யும்.

அமெரிக்க நாட்டில் ஆன்செல் ஆடம்ஸ் என்னும் இளைஞர் இவ்வுண்மையைத் தம் பட்டறிவால் உணர்ந்தார். 1927ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், யோசமிட்டிப் பள்ளத்தாக்கில் ‘அரைக்கோளம்’ எனப் பொருள்படும் பெயருடைய பெரும்பாறையின் எதிரே அவர் நின்றார். எஞ்சியிருந்தவை இரண்டு கண்ணாடித் தகடுகளே. மஞ்சள் கண்ணாடியைப் பொருத்தி ஒரு படம் எடுத்தார். பாறையைக் கண்டு தம் உள்ளத்தில் எழுந்த வியப்பு அதில் வாராது என்று அவருக்குத் தோன்றிற்று. கடைசித் தகட்டை இட்டு, ஆழ்ந்த செந்நிறக் கண்ணாடியைப் பொருத்தி மீண்டும் எடுத்தார். கரிய வானத்தின் முன் பாறை ஓங்கி நிற்கும் அப்படமே அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். டிரைப் முகிலைத் தீட்டினார். ஆடம்ஸ் வானத்தைக் கருக்கினார். இவை உண்மைக்கு மாறானவை அல்லவா? இரண்டையும் வேறுபடுத்திக் காணுதல் வேண்டும். எதிரே இருந்த பொருளை எவ்வளவு கருமையாகக் காட்டுவது என்று தீர்மானிப்பது கலைஞனின் உரிமை. கறுப்பு வெள்ளைப் படம் எடுப்போர் அனைவரும் அதனைச் செய்தே ஆக வேண்டும். எதிரே இல்லாத ஒன்றைச் சேர்ப்பதோ, இருந்ததை அழிப்பதோ வேறு. டிரைப்பின் நோக்கம் தூயதே. எனினும் அவர் தீட்டிய முகிலைக் கொண்டு அன்றைய வானிலையை நாம் அறிய இயலாது. மலையின் படம் அழகுப் பொருளாக இருப்பதோடு சான்றாகவும் விளங்குவது. சான்று பொய்க்குமானால் அதனை நம்பியோர் ஏமாறுவர்.

நேர்மையான படத்தின் வலிமை பெரிது. சியரா நெவாடா மலைகளை ஆடம்ஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் 1938இல் நூலாக வெளிவந்தன. அந்நூல் குடியரசுத் தலைவர் ரூசுவெல்டின் பார்வைக்கும் சென்றது. காடு காக்க முயன்ற பலருடைய உழைப்போடு அப்படங்களும் துணைநிற்க, 1940ஆம் ஆண்டில் ‘கிங்ஸ் கேன்யன்’ பகுதி தேசியப் பூங்காவாயிற்று. நம் நாட்டிலும், தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தும், அவற்றைப் பற்றி எழுதியும் இயற்கையின்பால் மக்கள் உள்ளத்தைத் திருப்பினார்.

கல்வராயன் மலையின் காடும் சரிவும் ஆண்டுதோறும் ஒரே நிலையில் இருப்பவை அல்ல. பாதை புதிதாக அமையலாம். மரங்கள் குறையலாம் அல்லது தழைக்கலாம். கோமுகி அணைக்கரையில் ஓரிடத்தைத் தேர்ந்து, ஒவ்வோராண்டும் தை மாதத்தில் அதே இடத்தில் நின்று, அதே வேளையில், அதே திசையில் ஒரு படம் எடுத்துவருவோமாக. நாளையும் நேரத்தையும் படத்தின் பின்னே குறித்து வைப்போமாக. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. இன்றைய கைப்பேசியே போதும். அது எடுக்கும் வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது, எந்நிறம் எவ்வளவு கருக்க வேண்டும் என்று முடிவு செய்யலாம். பழைய வண்ணக் கண்ணாடி செய்த பணியே அது. மாற்றாத மூலப் படத்தையும் உடன்வைத்துக் காத்தல் வேண்டும். ஒவ்வோராண்டும் ஒரே முறையில் மாற்றினால்தான் படங்களை ஒப்பிடவும் முடியும்.

பத்து ஆண்டுகள் கழித்து அப்பத்துப் படங்களையும் வரிசையாக வைத்துக் காண்போர், மலை பெற்றது எது, இழந்தது எது என்பதை யாரும் சொல்லாமலே உணர்வர். இழப்பு தெரிந்தால் அதனைத் தடுக்கும் எண்ணமும் பிறக்கும். மாணவர்களே! ஒளியை அறிந்து, பொறுமையோடு காத்திருந்து, உள்ளதை உள்ளவாறு காட்டும் ஒரு படம், பிறந்த மண்ணுக்கு நீங்கள் செய்யும் தொண்டாகும்.