பிறவியிலேயே பழுதுபட்ட இருதயம்



குழந்தையின் இருதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொன்னதும், கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமத்துத் தாய்மார் அநேகர் எங்களிடம் கேட்பது ஒன்றே: "ஐயா, நாங்க என்ன பாவம் செஞ்சோம்?" கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று மருமகளைப் பழிப்பாரும் உண்டு. பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்களும் இப்படியே கேட்டார்கள் (யோவான் 9). ஆண்டவர் அந்தப் பழியை அவன்மேலும் சுமத்தவில்லை, பெற்றோர்மேலும் சுமத்தவில்லை. நாமும் சுமத்தலாகாது.

நடப்பது என்ன? கருவுற்ற 3ஆம் வாரத்திற்கும் 8ஆம் வாரத்திற்கும் இடையில் இருதயம் உருவாகிறது. அப்போது பல தாய்மாருக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாது. அறைகளுக்கு நடுவேயுள்ள சுவர் முழுதும் வளராவிட்டால் ஓட்டை நிற்கும். பிறந்த சில நாட்களில் மூடவேண்டிய இரத்தக் குழாய் மூடாமலும் போகலாம். 1000 குழந்தைகளில் சுமார் 8 பேருக்கு இருதயத்தில் ஏதேனும் ஒரு குறை உண்டு. சிறிய ஓட்டைகள் பல தானாகவே மூடிவிடும்.

பெரும்பாலும் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு வரும் ரூபெல்லா அம்மை, கட்டுப்படாத சர்க்கரை நோய், தாய்மாமன் போன்ற நெருங்கிய உறவில் திருமணம் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன.

கவனிக்கவேண்டிய அடையாளங்கள்: பால் குடிக்கையில் களைத்து நிறுத்துதல், நெற்றி வியர்த்தல், எடை ஏறாமை, அடிக்கடி நெஞ்சுச் சளி, அழும்போது உதடும் நகமும் நீலமாதல். நீலம் பாரித்த பிள்ளை ஓடி விளையாடும்போது நடுவே குத்துக்காலிட்டு உட்காரும். அது சோம்பல் அல்ல. அப்படி உட்கார்ந்தால் நுரையீரலுக்கு இரத்தம் கூடுதலாகச் சென்று ஆறுதல் கிடைக்கிறது.

இப்படிப்பட்ட நீலக் குழந்தைகளுக்காக 1944இல் அமெரிக்காவின் பால்டிமோரில் டாக்டர் ஹெலன் டாசிக், டாக்டர் பிளாலாக், விவியன் தாமஸ் ஆகியோர் ஓர் அறுவைச் சிகிச்சைக்கு வழி கண்டார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1960களின் தொடக்கத்திலேயே டாக்டர் என். கோபிநாத் திறந்த இருதய அறுவைச் சிகிச்சை செய்தார். இன்று சில ஓட்டைகளை நெஞ்சைத் திறவாமலே, தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாக மூடுகிறார்கள்.

காலந்தாழ்த்துவதே ஆபத்து. பெரிய ஓட்டையை ஆண்டுக்கணக்கில் விட்டால் நுரையீரல் இரத்தக் குழாய்கள் கெட்டு, பின்பு ஓட்டையை மூடவும் முடியாமற்போகும்.

2013இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி, அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளைச் சோதிக்கிறார்கள். தகுதியுள்ள குடும்பத்திற்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவைச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால் தீப்பெட்டி ஆபீசில் கூலி வேலை செய்யும் தாய் மதுரைக்குப் போய்ப் பிள்ளையோடு தங்கினால், அத்தனை நாள் கூலியும் போகும்; பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் சேரும். அதற்கு அஞ்சியே சிலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள். உங்கள் காணிக்கை அந்த அச்சத்தை நீக்கக்கூடும்.

உங்கள் சபையிலும் தெருவிலும் மூச்சிரைக்கும் பிள்ளையைக் கண்டால், தாயைக் குறைகூறாமல், குழந்தை மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்லுங்கள். சின்னஞ்சிறு இருதயங்களுக்காக எங்களோடுகூட ஜெபியுங்கள்.