படுத்துவிட்டது சின்ன பேட்டரி

சென்னையில் சொகுசு மின்சார கார் ஓட்டத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “பேட்டரி போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?” அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்பிக்கை: பெரிய பேட்டரிதான் ஒருநாள் நடுவழியில் நிறுத்தும்.

உண்மை: என்னை நிறுத்தியது சின்ன பேட்டரி. ஒரு காலை, பேஸ்மென்ட் பார்க்கிங்கில் காரிடம் போய் நின்றால் கதவோடு பதிந்திருக்கும் கைப்பிடி வெளியே வரவேயில்லை. முந்தின இரவுதான் 70 சதவீதம் சார்ஜ் பார்த்திருந்தேன். ஆனால் பூட்டுக்கும் திரைக்கும் உயிர் கொடுப்பது 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் கான்டாக்டர் வேலை செய்யவும் அதுவே வேண்டும். அது படுத்துவிட்டால், அடியில் 50 யூனிட் மின்சாரம் இருந்தும் கார் அசையாது. ரிமோட்டுக்குள் ஒளிந்திருந்த உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறந்தேன். சர்வீஸ் ஆள் வந்து புது 12 வோல்ட் பேட்டரி மாட்ட அரை மணி நேரம் ஆனது. எல்லாரும் பயப்படும் பெரிய பேட்டரிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்ட்டி தருகின்றன.

நம்பிக்கை: ஏசி போட்டால் ரேஞ்ச் கரைந்துவிடும்.

உண்மை: ஏசி இழுப்பது சுமார் 1 முதல் 2 கிலோவாட். கத்திப்பாரா நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால்கூட 75 யூனிட் பேட்டரியில் 2, 3 சதவீதம்தான் போகும். கரைப்பது வேகம். 80-இல் இருப்பதைவிட 120-இல் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். ஏசியை அணைத்துக் குழந்தைகளை வியர்க்க வைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆக்சிலரேட்டரில் காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள், போதும்.

நம்பிக்கை: தினமும் 100 சதவீதம் ஏற்ற வேண்டும்.

உண்மை: நிக்கல் வகை பேட்டரிக்கு அன்றாடம் 80 போதும், திருச்சிக்குக் கிளம்பும் முந்தின இரவு மட்டும் 100. எல்எஃப்பி பேட்டரி என்றால் வாரம் ஒருமுறை 100 ஏற்றச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்பிக்கை: மழைத் தண்ணீரில் ஷாக் அடிக்கும்.

உண்மை: உயர் மின்னழுத்த இணைப்புகள் காரின் உடலைத் தொடாமல் தனித்தே ஓடுகின்றன, விபத்தில் தாமாகத் துண்டித்துக்கொள்ளும். பேட்டரி ஐபி67 தரம் என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும். ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நடந்ததுபோல மணிக்கணக்கில் தண்ணீர் நின்றால் அந்தக் கணக்கு செல்லாது. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். முதலில் சர்வீஸ் ஆள் பார்க்கட்டும்.

நம்பிக்கை: பராமரிப்பே கிடையாது.

உண்மை: இன்ஜின் ஆயில் கிடையாது, அவ்வளவுதான். இந்த வகை கார்கள் பலவும் 2 டன்னுக்கு மேல் எடை. டயர் சீக்கிரம் தேய்கிறது. பிரேக் ஆயில், ஏசி ஃபில்டர் உண்டு. 12 வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு சர்வீஸிலும் சோதிக்கச் சொல்லுங்கள். ரிமோட்டுக்குள் இருக்கும் உலோகச் சாவியை இன்றே ஒருமுறை உருவிக் கதவைத் திறந்து பாருங்கள்.