விளையாட்டாக நடங்கள், விடாமல் நடங்கள்

மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு நோய் இருப்பதை 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு காட்டியது. நடைப்பயிற்சி இரத்தத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்க உதவும். இது நீங்கள் அறிந்ததுதான். அறிந்தும் வாசலைத் தாண்ட மனம் வருவதில்லையா? பேரப்பிள்ளைகளின் கைப்பேசி விளையாட்டைத் துணைக்கு அழையுங்கள்.

நடந்தால்தான் பொரியும் முட்டை

'போக்கிமோன் கோ' விளையாட்டு 6 ஆகஸ்டு 2016 அன்று மலேசியாவுக்கு வந்தது. இதில் கிடைக்கும் முட்டைகள் நாம் உட்கார்ந்திருந்தால் பொரியா. முட்டையின் வகைக்கேற்ப 2, 5, 10 கிலோமீட்டர் போன்ற தூரங்களை நடக்க வேண்டும். வேகமாகச் செல்லும் காரில் கடக்கும் தூரம் சேராது. 2021இல் வெளிவந்த 'பிக்மின் புளூம்' இன்னும் எளிது. நீங்கள் நடக்கும் வழியில், திரையிலுள்ள வரைபடத்தில் பூக்களை நடலாம்.

தொடங்கும் முறை

1. விளையாட்டைப் பதிவிறக்கித் தரும்படி பேரப்பிள்ளையிடம் கேளுங்கள். இது இலவசம். வங்கி அட்டை எண்ணைப் பதிய வேண்டாம்.

2. போக்கிமோன் கோவில் 'அட்வென்ச்சர் சிங்க்' வசதியை இயக்கச் சொல்லுங்கள். விளையாட்டு மூடியிருந்தாலும் நடந்த தூரம் சேரும். எனவே நடக்கும்போது கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். உட்கார்ந்த பிறகு எடுத்துப் பாருங்கள். தடுக்கி விழவும் மாட்டீர்கள், வழிப்பறிக்கும் இடமில்லை.

3. முதல் வாரம் தினமும் 10 நிமிடம் நடங்கள். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக்கூடாது. அதுவே சரியான வேகம்.

பத்தாயிரம் காலடி நடக்க வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 காலடிகளிலேயே பெரும்பாலான பயன் கிடைத்துவிடுகிறது.

ஆறாவது வாரத்தில் கவனம்

அமெரிக்காவில் போக்கிமோன் கோ ஆடிய இளையோரை ஆராய்ந்தனர். முதல் வாரத்தில் அவர்கள் நாளுக்குச் சராசரியாக 955 காலடிகள் கூடுதலாக நடந்தனர். ஆறாவது வாரத்திற்குள் பழைய நிலைக்கே திரும்பிவிட்டனர். ஆக, விளையாட்டு நம்மை வெளியே அழைத்து வரும். ஆனால் பழக்கத்தை நாம்தான் உருவாக்க வேண்டும். ஆர்வம் குறையும் முன்பே மூன்றை உறுதி செய்யுங்கள்:

• ஒரே நேரம்: வெயில் ஏறாத காலை வேளை நல்லது.

• ஒரே இடம்: பிரிக்ஃபீல்ட்ஸ்வாசிகளுக்கு ஜாலான் துன் சம்பந்தன் நடைபாதை, கிள்ளான்வாசிகளுக்கு ஜாலான் தெங்கு கிளானா. மழை பெய்தால் பேரங்காடிக்குள் நடக்கலாம்.

• ஒரு துணை: கோயிலுக்கோ சந்தைக்கோ உடன் வரும் பக்கத்து வீட்டுக்காரர் போதும்.

மறக்க வேண்டாம்

• சிலிப்பர் வேண்டாம். பாதத்தைப் பிடிக்கும் காலணி அணியுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வீடு திரும்பியதும் பாதங்களில் புண் உள்ளதா எனப் பாருங்கள்.

• இன்சுலின் போடுபவர்கள் மிட்டாய் வைத்திருங்கள்.

• புகைமூட்ட நாள்களில் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

• நெஞ்சுவலியோ கடும் மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்தி 999ஐ அழையுங்கள்.

• இதயநோய் அல்லது முழங்கால் வலி இருந்தால், தொடங்கும் முன் உங்கள் அரசாங்கக் கிளினிக் மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த வாரக் கடைசியில் பேரப்பிள்ளை வரும்போது கைப்பேசியைக் கொடுங்கள். முதல் முட்டையை இருவரும் சேர்ந்து நடந்தே பொரிக்கலாம்.