வினை தரும் ஆறும் வேலை தேடும் ஆறும்

முன்னுரை

பிறரைப் பற்றி எழுதுவது எளிது. தன்னைப் பற்றி எழுதுவது அரிது. அதிலும், ஒரே நிறுவனத்தில் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்து, நடுவயதில் வேறு வேலை தேட நேர்ந்தவர்க்குத் தன்விவரக் குறிப்பு எழுதுதல் மிக அரிது. கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவர்க்குப் ‘பயோடேட்டா’ எழுதக் கற்பிக்கின்றோம். அவர்தம் தந்தையர்க்கு அதனைக் கற்பிப்பார் எவருமிலர். அத்தகையோர்க்கு நம் தமிழ் இலக்கணம் துணை நிற்குமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிண்டி உணர்த்தும் உண்மை

சென்னை கிண்டித் தொழிற்பேட்டை 1958-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பெற்றது. ஏறத்தாழ 400 ஏக்கர்ப் பரப்பில் அமைந்த இப்பேட்டை திரு.வி.க. அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தொழிலாளர் இயக்கத்தின் முன்னோடியருள் ஒருவரான திரு.வி.க. முதலில் தமிழாசிரியர் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. வெஸ்லி பள்ளியில் ஆற்றிய ஆசிரியப் பணியை 1917-இல் துறந்து, ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியரானார். அடுத்த ஆண்டு தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்திலும் பங்கேற்றார். வகுப்பறையில் பயின்ற தமிழே அவருக்கு இதழிலும் மேடையிலும் கருவியாயிற்று. பணி மாறினும் கைவந்த திறன் உடன்வரும் என்பதற்கு இது சான்று.

எனினும் எல்லாரும் தாமே விரும்பிப் பணி மாறுவதில்லை. இதே கிண்டியில் 1960-இல் தொடங்கப்பெற்றது இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்னும் அரசு நிறுவனம். தொலைநகலும் கணிப்பொறியும் பரவியபின் தொலையச்சுப் பொறிக்குத் தேவை குன்றியது. 2001-இல் அந்நிறுவனத்தின் 74 விழுக்காட்டுப் பங்குகள் தனியாரிடம் சென்றன. ஒரு பொருளின் காலம் முடிவதற்கு அதனைச் செய்த கைகள் காரணமாவதில்லை. ஆயினும் வேலை இழந்தவர் தம்மையே குறை கூறிக்கொள்வதை நாம் காண்கின்றோம்.

என் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்று

என் அக்காள் கணவர் ஐ.டி.ஐ. முடித்து, 1994-இல் கிண்டியில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் டர்னராகச் சேர்ந்தார். 27 ஆண்டுகள் அங்கேயே உழைத்தார். 2021-இல் அக்கூடம் மூடப்பெற்றது. மகள் கல்லூரியில் முதலாண்டு. வயதோ ஐம்பதை நெருங்கியது. ஒரு மாலை அவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றுக்குப்பின், “அனுபவம்: 27 ஆண்டுகள். கடின உழைப்பாளி. நேர்மையானவன்” என்று எழுதியிருந்தார். “இதுக்குமேல எழுத என்ன இருக்கு மாப்பிள்ளை? ஒரே இடத்துலதானே இருந்தேன்” என்றார்.

27 ஆண்டு வாழ்க்கை ஒரு வரியில் அடங்கிவிட்டது. அவர் எழுதியவற்றுள் அடைமொழி இருந்தது, வினை இல்லை. கடின உழைப்பாளி என்பது எவரும் எழுதக்கூடியது. அவர் செய்ததை அவர் மட்டுமே எழுதவியலும்.

நன்னூல் காட்டும் ஆறு

ஒரு வினைச்சொல் ஆறு பொருள்களைத் தரும் என்பது நன்னூலார் கொள்கை. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்பன அவை. ‘வனைந்தான்’ என்ற சொல்லுக்குக் குயவன், சக்கரம், வனையுமிடம், வனைதல், இறந்தகாலம், குடம் எனப் பொருள் விரித்துக் காட்டுவது வகுப்பறை மரபு. தொல்காப்பியர் இவற்றோடு ‘இன்னதற்கு’, ‘இது பயன்’ என்னும் இரண்டையும் கூட்டி எட்டாக உரைத்தார். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் இவ்வெட்டினையும் கேள்விகளாக மாற்றி மச்சானிடம் கேட்டேன்.

செய்பவன் யார்? தாமே செய்தாரா, பிறரைக் கொண்டு செய்வித்தாரா? ‘செய்யப்பட்டது’ என்னும் செயப்பாட்டுவினை செய்தவனை மறைத்துவிடும். ஆதலின் தன்வினையும் பிறவினையுமே தன்விவரத்திற்கு ஏற்றவை. மச்சான் முதல் ஏழாண்டு தாமே கடைந்தார். இறுதிப் பதினோராண்டு பிறரைக் கொண்டு செய்வித்தார்.

கருவி யாது? லேத், மில்லிங், கிரைண்டிங் பொறிகள், பின்னர்ச் சி.என்.சி. பொறி.

நிலம் யாது? நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது. எப்பிரிவில் என்பதும் வேண்டும். முதலில் உற்பத்திப் பிரிவு, பின்னர் டூல் ரூம்.

செயலும் செய்பொருளும் யாவை? வாகன உதிரிப் பாகங்களுக்குரிய டை செய்தல், பழுது பார்த்தல்.

காலம் யாது? 1994 முதல் 2021 வரை என்ற ஒரே நீளம் படிப்பவர்க்கு எதையும் உணர்த்தாது. டர்னராக 2001 வரை, டை செய்பவராக 2010 வரை, மேற்பார்வையாளராக 2021 வரை எனப் பகுத்தபோது, ஓரிடத்தில் நின்றவராகத் தோன்றியவர் இருமுறை உயர்ந்தவராகக் காட்சியளித்தார்.

எவர்க்கு, என்ன பயன்? இக்கேள்விக்கு அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், ஒருமுறை டை உடைந்துவிட, இரவெல்லாம் கண்விழித்துச் சீர்செய்து, மறுநாள் நண்பகலுக்குள் சரக்கு லாரி புறப்பட்டதைச் சொன்னார். பயிற்சிக்கு வந்த பதினொரு பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கியதையும் சொன்னார். “அதெல்லாம் கணக்குல வருமா?” என்று கேட்டார். அதுவே முதற்கண் எழுதத்தக்கது என்றேன்.

எதை முன் வைப்பது?

இத்தாலிய ஓவியர் லியொனார்தோ தா வின்சி, ஏறத்தாழ 1482-இல் மிலான் நகர ஆட்சியாளருக்கு எழுதிய பணி வேண்டற் கடிதத்தின் வரைவு இன்றும் உள்ளது. பாலம் அமைத்தல், பீரங்கி செய்தல் எனப் போர்த்தொழில்களையே அதில் முன்னிறுத்தினார். ஓவியத் திறனை இறுதியிற்றான் கூறினார். பெறுபவரின் தேவை அறிந்து வரிசைப்படுத்தினார் என்க. ஆதலின் ஒரே தாளைப் பல படி எடுத்து எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்புதல் பயன் தராது. பயிற்றுநர் வேண்டும் இடத்திற்குப் பிள்ளைகளைப் பழக்கியது முன் நிற்கவேண்டும். டை செய்பவர் வேண்டும் இடத்திற்கு டை முன் நிற்கவேண்டும். இரண்டு பக்கத்திற்கு மேற்படாமை நன்று. வயதையோ இடைவெளியையோ மறைக்கப் பொய்யுரைத்தல் கூடாது. நேர்காணலில் அது வெளிப்பட்டால் மெய்யும் பொய்யாகிவிடும்.

ஆற்றுப்படை நெறி

தாள் அணியமாயிற்று, கொடுப்பது யாரிடம்? அவர் பழக்கிய பிள்ளைகளுள் ஒருவர் அம்பத்தூரில் நல்ல பொறுப்பில் இருந்தார். “நான் பழக்கின பையன்கிட்டப் போய் வேலை கேக்கறதா?” என்று மச்சான் கூசினார்.

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுடன் எதிர்வருவோனுக்கு வள்ளலின் இயல்பும் செல்லும் வழியும் கூறி ஆற்றுப்படுத்துவதே அவற்றின் அமைப்பு. வழி கேட்பது இழிவன்று; பெற்றவன் வழி காட்டுவது கடன் என்பதே அந்நூல்களின் உட்கோள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும், வள்ளல் சீதக்காதி மறைந்தபின் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவைப் பெற்றே காப்பியப் பணியைத் தொடர்ந்தார். ஆதரித்த ஒருவர் மறைந்தமையால் புலமை மறைந்துவிடவில்லை.

மச்சான் சென்றார். அப்பிள்ளை எழுந்து நின்று வரவேற்றாராம். உடனே வேலை கிடைத்துவிடவில்லை; ஏழு மாதங்கள் ஆயின. பயிற்றுநராகச் சேர்ந்தபோது ஊதியமும் முன்னையதைவிடக் குறைவே. ஆயினும் அன்று முதல் அவர் தலைநிமிர்ந்து நடந்தார் என்பதை என் அக்காள் சொல்லக் கேட்டேன்.

செய்யத்தக்கன சில

நிறுவனம் மூடப்பெறும் முன்னரே பணிச் சான்றினைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அது கிட்டாதாயின், வருங்கால வைப்புநிதிக் கணக்கின் பதிவுகள் பணிக்காலத்திற்குச் சான்றாகும். அந்நிதியை அவசரப்பட்டு முற்றும் எடுத்துவிடாமல் புதிய பணிக்கு மாற்றிக்கொள்வது ஓய்வூதிய உரிமைக்கு நலம். கிண்டி ஆலந்தூர்ச் சாலையிலுள்ள வேலைவாய்ப்பு அலுவலக வளாகத்தில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் நடத்தப்பெறுகின்றன. தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் கட்டணமின்றிப் பதியலாம். முன்பணம் கேட்டு வேலை தருவதாகக் கூறுவோரிடம் விலகி நிற்பதே அறிவுடைமை.

முடிவுரை

தொழில் நடத்தும் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் பல்லாண்டு உழைத்து விடைபெறுவோர்க்கு, சேர்ந்த நாளும் விலகிய நாளும் மட்டும் குறித்த சான்று கொடுத்து அனுப்பாதீர்கள். அவர் செய்த வினையையும் அதன் பயனையும் நான்கு வரிகளில் எழுதிக் கையொப்பமிடுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்தில் தந்தையோ மாமாவோ வேலையிழந்து வாளா அமர்ந்திருப்பின், இன்றிரவே தாளும் எழுதுகோலும் எடுத்து அவர் அருகில் அமருங்கள். இலக்கண வகுப்பில் கற்ற அந்த எட்டுக் கேள்விகளைக் கேளுங்கள். பயன் யாது என்ற கேள்விக்கு மட்டும், அவர் வாய் திறக்கும்வரை பொறுமையுடன் காத்திருங்கள்.